ரூட்டர் விளக்கு எரிகிறது, இணைப்பு மட்டும் அறுகிறது: மும்பை வீடுகளிலிருந்து வரும் வைஃபை கேள்விகள்

செம்பூர் சேடா நகரில் நான் குடியிருக்கும் சொசைட்டியில் என் பெயரைச் சொன்னால் வாட்ச்மேனுக்குத் தெரியாது. 'வைஃபை பார்ப்பவர்' என்றால் நேராக என் வீட்டைக் காட்டுவார். தொழிலால் நான் கணக்கர். சொந்த வீட்டு ரூட்டரோடு பல வருடம் மல்லுக்கட்டியதில் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அந்தச் செய்தி எப்படியோ மாட்டுங்காவிலிருந்து முலுண்டு வரை பரவிவிட்டது. தொலைபேசியில் வருகிற புகார் எப்போதும் ஒன்றுதான்: "நேற்றுவரை நன்றாக இருந்தது. இன்று அடிக்கடி போய்விடுகிறது." திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

படிக்கும் முன் ஒரு வேலை. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, இணைப்பு அறுகிற ஒவ்வொரு முறையும் மூன்று விவரம் எழுதுங்கள்: மணி என்ன, எந்தக் கருவியில் போனது, அந்தக் கருவி எந்த வைஃபை பெயரில் இருந்தது. ரூட்டரை அணைத்துப் போடுவதற்கு முன்னால் எழுத வேண்டும். இரண்டு நாள் எழுதினால் பாதி நோய் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். கணக்கன் புத்தி என்று சிரிக்கலாம்; கீழே வரும் பதில்களில் பாதி அந்தப் பக்கத்திலிருந்துதான் கிடைத்தன.

நெட் போகிறது என்றாலும் வைஃபை போகிறது என்றாலும் ஒன்றுதானே?

இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் மாடித் தொட்டி காலியா, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்போம் அல்லவா? அதே பிரிவினைதான். உங்கள் கையிலிருக்கும் போனிலிருந்து ரூட்டர் வரை உள்ளது வைஃபை. ரூட்டரிலிருந்து வெளியே போவது நெட். முதலாவது உங்கள் பொறுப்பு, இரண்டாவது நெட்காரர் பொறுப்பு. இதைப் பிரிக்காமல் செய்கிற எந்த வைத்தியமும் குருட்டு வைத்தியம்.

பிரிப்பது எளிது. இணைப்பு அறுந்த உடனே, போனின் பிரவுசரில் ரூட்டரின் முகவரியைத் தட்டுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். ரூட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் சட்டென்று திறந்தால் வைஃபை நலமாக இருக்கிறது, நெட்தான் இல்லை. திறக்கவே இல்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். லேப்டாப் இருந்தால் இன்னும் நல்லது: கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து பிங் கட்டளையோடு அதே முகவரியைக் கொடுத்து ஓட விடுங்கள். பதில் சில மில்லிவினாடிகளில் சீராக வர வேண்டும். திடீரென்று 300, 800 என்று எகிறினாலோ, பதிலே வராமல் போனாலோ, குற்றவாளி உங்கள் கூடத்திலேயே இருக்கிறார்.

ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. அது என்ன?

எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். இதற்கு வைஃபை வைத்தியம் எதுவும் பலிக்காது. கண்ணாடி இழை எங்காவது மடங்கியிருக்கும், எலி கடித்திருக்கும், அல்லது ஜன்னல் சட்டத்தில் நசுங்கியிருக்கும். மும்பையில் மூன்றாவது மிக அதிகம். மழைக்காலம் தொடங்கியதும் எல்லோரும் ஜன்னலை இழுத்து அடைக்கிறோம். அந்தச் சந்து வழியாகத்தான் ஃபைபர் உள்ளே வருகிறது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், உள்ளே வரும் ஒளியின் அளவு இருக்கும். மைனஸ் 20 சுற்றி இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 27-ஐத் தொட்டால் இணைப்பு ஊசலாடும். அந்த எண்ணைப் படம் பிடித்து நெட்காரருக்கு அனுப்புங்கள். 'நெட் வரவில்லை' என்று பத்து முறை சொல்வதைவிட வேலை செய்யும். இழையை நீங்களே கழற்றி முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள்.

எங்கள் ரூட்டரில் இரண்டு பெயர் வருகிறது. ஒன்றில் '5ஜி' என்று இருக்கிறது. அது மொபைல் 5ஜியா, தம்பி?

இல்லை மாமி. பெயர் ஒற்றுமை, உறவு கிடையாது. மொபைலில் வரும் 5ஜி என்பது ஐந்தாம் தலைமுறை. ரூட்டரில் வருவது 5 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டை. இன்னொரு பெயர் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை.

2.4 பட்டை தூரம் போகும், சுவரை ஓரளவு துளைக்கும். ஆனால் இடம் குறுகல், கூட்டம் அதிகம். 5 பட்டை வேகமானது, இடமும் தாராளம். ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். இந்தியாவில் 5 பட்டைக்கான உரிமமற்ற பயன்பாட்டை 2018-இல் அரசு பெரிதாக விரித்தது. 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் இன்று நாம் யாரிடமும் கேட்காமல் பயன்படுத்துகிறோம்.

மாலை ஏழு மணிக்கு மேல்தான் போகிறது. பகலில் ஒன்றும் இல்லை.

நோட்டுக்கு நன்றி சொல்லுங்கள். இது கூட்ட நெரிசல், அதுவும் அநேகமாக 2.4 பட்டையில்.

அந்தப் பட்டையில் இந்தியாவில் 13 சேனல்கள், அதாவது ரூட்டர் உட்காரும் இடங்கள், உண்டு. பதின்மூன்று என்றதும் தாராளம் என்று தோன்றும். ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். வைஃபை உட்காருவதற்கு வேண்டிய அகலமோ 20. லோக்கல் ரயிலில் மூவர் பெஞ்சில் நான்காவது ஆள் நுனியில் ஒட்டிக்கொள்வதைப் போல ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துதான் உட்கார வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படாமல் இருப்பவை வழக்கமாகச் சொல்லப்படும் 1, 6, 11 மூன்றும்தான்.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை நிறுவி, கூடத்தில் நின்று பாருங்கள். எங்கள் கட்டடத்தில் என் சோபாவிலிருந்தே முப்பத்தெட்டு பெயர்கள் தெரிகின்றன. அவற்றில் எது குறைந்த கூட்டம் என்று பார்த்து 1, 6, 11-இல் ஒன்றை ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் கைப்படத் தேர்ந்தெடுங்கள். 3 காலியாக இருக்கிறதே, 4 காலியாக இருக்கிறதே என்று நடுவில் புகாதீர்கள். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழுவதால் முறைவைத்துப் பேசுவார்கள். நடுவில் புகுந்தவர் பேச்சு இருபக்கமும் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். அவருக்கும் நிம்மதி இல்லை, அண்டை வீட்டாருக்கும் இல்லை.

அதே பக்கத்தில் சேனல் அகலம் என்று ஒன்று இருக்கும். 2.4 பட்டையில் அதை 20 என்று வையுங்கள். 40 என்று வைத்தால் வேகம் கூடும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அவர் கடை தனிக் கட்டடமாக இருக்கலாம். நம் வீடு அப்படி இல்லை.

பெரிய திரை, லேப்டாப், புதிய போன்கள் இவற்றை 5 பட்டைக்கு மாற்றிவிடுவது இதைவிட நல்ல தீர்வு.

தாராவியில் எங்களுடையது ஒரே அறை வீடு. எங்களுக்கும் இதே பதிலா?

உங்களுக்கு இன்னும் சுலபம். ஒரே அறைக்கு 5 பட்டை தாராளமாகப் போதும், குறுக்கே சுவரே கிடையாது. சுற்றிலும் நெருக்கமாக வீடுகள் இருப்பதால் 2.4 பட்டை அங்கே சந்தைக்கடை. எல்லாக் கருவிகளையும் 5-இல் சேர்த்துவிட்டு, போனில் 2.4 பெயரை மறக்கச் செய்துவிடுங்கள். ரூட்டரைப் பரணில் தகரப் பெட்டிக்குப் பின்னால் வைக்காமல் வெளியே தொங்க விட்டால் போதும்.

சமையலறையில் மைக்ரோவேவ் ஓடினால் மகளின் வகுப்பு நின்றுவிடுகிறது. தற்செயலா?

தற்செயல் இல்லை. மைக்ரோவேவ் அடுப்பு உணவைச் சூடாக்குவதே சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையால். கதவின் ஓரமாகக் கசியும் துளி அளவு உடம்புக்குத் தொல்லையில்லை, வைஃபைக்குத்தான் தொல்லை. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. பழைய வகை அடுப்புகள் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் அலை வீசி, பாதி நேரம் ஓய்கின்றன. அதனால்தான் முழுசாகப் போகாமல் குரல் வெட்டி வெட்டி வருகிறது. மகளை 5 பட்டைக்கு மாற்றுங்கள். நோட்டில் 'மாலை 4.10, இட்லி சூடாக்கியபோது' என்று எழுதி வைத்திருந்த ஒரு மாமிக்கு நான் வீட்டுக்குப் போகாமலேயே பதில் சொன்னேன்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு குற்றவாளி: யூஎஸ்பி 3 வகை வெளி ஹார்டு டிஸ்க். அதன் கேபிளும் செருகுவாயும் 2.4 பட்டையில் இரைச்சல் எழுப்பும். லேப்டாப்பில் டிஸ்க்கைச் செருகியதும் வைஃபையும் கம்பியில்லா மவுஸும் சேர்ந்து திக்கினால் வேறெங்கும் தேட வேண்டாம். டிஸ்க்கை நல்ல கேபிளால் ஓரடி தள்ளி வையுங்கள்.

2.4 நன்றாக ஓடுகிறது. 5 பட்டையின் பெயரே சில நிமிடம் காணாமல் போய், பிறகு தானாகத் திரும்புகிறது. ரூட்டர் கெட்டுவிட்டதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

5 பட்டை முழுவதும் நமக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து இல்லை. 36 முதல் 48 வரையுள்ள சேனல்களும், 149-உம் அதற்கு மேற்பட்டவையும் நிம்மதியானவை. நடுவில் 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களில் ரேடார்களும் குடியிருக்கின்றன. அவர்கள்தான் வீட்டுக்காரர், நாம் வாடகைக்கு இருப்பவர். அந்தச் சேனல்களில் உட்காரும் ரூட்டர் முதலில் ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் காது கொடுத்துக் கேட்கும். ரேடார் துடிப்பு எதுவும் இல்லையென்றால் பேசத் தொடங்கும். பிறகு எப்போதாவது ரேடார் துடிப்புபோல ஒன்று காதில் விழுந்தால் 10 வினாடிக்குள் அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும், அரை மணி நேரம் அங்கே திரும்பக் கூடாது. இந்த ஏற்பாட்டின் பெயர் டிஎஃப்எஸ்.

மும்பைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? சி பட்டை எனப்படும் வானிலை ரேடார்கள் பொதுவாக 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தில் இயங்குபவை. வைஃபை கணக்கில் அது 120, 124, 128 சேனல்கள். ஐரோப்பிய விதிப்படி அமைந்த ரூட்டர்கள் இந்த மூன்றிலும் உட்காருமுன் ஒரு நிமிடம் அல்ல, பத்து நிமிடம் கேட்டுவிட்டுத்தான் பேசும். மும்பையில் கொலாபாவில் ஏற்கெனவே டாப்ளர் ரேடார் இருக்க, அந்தேரி கிழக்கின் வேராவலியில் சி பட்டை டாப்ளர் ரேடார் ஒன்றை வானிலைத் துறை 2022-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது.

பவாயில் உயரமான மாடியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை 5 பட்டை மறைந்துகொண்டிருந்தது. அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அதே ரூட்டர் வைத்திருப்பவருக்குத் தொல்லையே இல்லை. நண்பர் ரூட்டரை மாற்றினார், புதியதும் அப்படியே. ரூட்டரின் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் 'ரேடார் டிடெக்டட்' என்று வரிசையாக எழுதியிருந்தது. எந்த ரேடார் என்று நான் சாட்சிக் கூண்டில் ஏற மாட்டேன். வேறு இரைச்சலை ரேடார் என்று நினைத்துப் பதறும் ரூட்டர்களும் உண்டு. சேனலைத் தானியங்கியிலிருந்து எடுத்து 36 என்று கைப்பட வைத்தோம். அன்றோடு நின்றது. மாற்றிய புது ரூட்டர் இப்போது அவர் அம்மா வீட்டில் இருக்கிறது.

இதில் ஒரு கண்ணி உண்டு. சேனலை 36 என்று வைத்துவிட்டு அகலத்தை 160 என்று வைத்தால் பயனில்லை. 36-இல் தொடங்கும் 160 அகலம் 64 வரை நீண்டு ரேடார் பகுதிக்குள் கால் நீட்டிவிடும். அகலம் 80 என்று வையுங்கள். 36-இலோ 149-இலோ 80 அகலம் முழுவதும் பாதுகாப்பான திண்ணைக்குள் அடங்கும். வேகம் சற்றுக் குறையும். வீட்டில் யாருக்கும் தெரியாது.

ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறதே, பிறகு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

நெட்காரருக்கு அழைத்தால் முதலில் சொல்வதும் அதுதான்: "பந்த் கரோ, சாலு கரோ." நான் அதைக் கேலி செய்யவில்லை. அணைத்துப் போடும்போது ரூட்டர் கூட்டம் குறைந்த சேனலைப் புதிதாகத் தேடும், நினைவகம் காலியாகும், சூடு தணியும், ஒட்டிக்கொண்டிருந்த பழைய இணைப்புகள் உதிரும். நான்கில் எது உங்களைக் காப்பாற்றியது என்று மட்டும் தெரியாது. அதனால்தான் வியாழக்கிழமை மறுபடி போகிறது.

சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறது. பேய் பிடித்ததுபோல.

பேய்க்கு மணி பார்க்கத் தெரியாது. கடிகாரம்போல் நடப்பது எல்லாம் அமைப்புகளின் வேலை. பல ரூட்டர்களில் குழுச் சாவி புதுப்பிப்பு என்று ஒன்று உண்டு. வீட்டுக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவான ரகசியச் சாவியை ரூட்டர் அவ்வப்போது மாற்றும். வழக்கமான இடைவெளி 3600 வினாடி. ஒழுங்கான கருவிகள் புதுச் சாவியை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கும். பழைய பிரிண்டர், மலிவுக் கேமரா போன்றவை வாங்கத் தடுமாறி வெளியே விழும். அந்தக் கருவியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அது முடியாதென்றால் இடைவெளியைப் பல மணி நேரமாக நீட்டிப் பாருங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை என்றால் மேலே சொன்ன ரேடார் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்: விலகிய ரூட்டர் அரை மணி கழித்துப் பழைய சேனலுக்கே திரும்பி மறுபடி உதை வாங்குகிறதோ என்னவோ. தினமும் இரவு பதினொன்றுக்குப் போய்க் காலை ஆறுக்கு வந்தால், வீட்டில் யாரோ பிள்ளைகளுக்காக நேரக்கட்டுப்பாடு போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த யாரோ நான்தான்.

எல்லோருக்கும் வருகிறது, என் போனில் மட்டும் போகிறது.

அப்படியானால் ரூட்டரை விட்டுவிடுங்கள். போனில் அந்த வைஃபை பெயரை மறக்கச் செய்து மறுபடி சேருங்கள். வைஃபை மெலிந்தால் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதி சில போன்களில் உண்டு; அதை அணைத்துப் பாருங்கள். பாதிப் 'போய்விட்டது' அந்தத் தாவல்தான்.

ரூட்டரில் முகவரி வடிகட்டி வைத்து, அனுமதித்த கருவிகளை மட்டும் உள்ளே விடுகிறவர்கள் கவனிக்க: ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகும் ஐபோன்களில் ஐஓஎஸ் 14-க்குப் பிறகும் போன்கள் தங்கள் உண்மையான கருவி முகவரியைக் காட்டாமல் மாற்று முகவரி ஒன்றைக் காட்டும். போனைப் புதுப்பித்த மறுநாள் வாசலில் நிறுத்திவிட்டார்கள் என்றால் காரணம் இதுதான். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் பழைய கருவிகள் உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறையிலேயே சில பழைய லேப்டாப்கள் தடுமாறுகின்றன.

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த லேப்டாப்பில் எங்கள் 2.4 பெயரே தெரியவில்லை.

உங்கள் ரூட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கும். அமெரிக்கக் கருவிகள் வழக்கமாக 11 வரைதான் பார்க்கும். 11-க்கு மாற்றுங்கள்.

புது அடுக்ககத்துக்கு மாறினோம். பழைய மாட்டுங்கா வீட்டில் ஒரே ரூட்டர் போதும். இங்கே படுக்கையறைக்குப் போனாலே அறுகிறது.

பழைய கட்டடத்தில் உள்சுவர் செங்கல். தடிமனாக இருந்தாலும் கதவும் ஜன்னலும் வெண்டிலேட்டரும் ஏராளம். புதிய கோபுரங்களில் பல மிவான் முறையில், அலுமினிய அச்சுக்குள் கான்கிரீட்டை ஊற்றிக் கட்டப்படுபவை. அங்கே அறைக்கு அறை உள்ள சுவர்கூடக் கம்பி கட்டிய கான்கிரீட்தான். அதைத் துளைத்து ஒரு முறை போகலாம், இரண்டு முறை போனால் 5 பட்டை களைத்துவிடும்.

அனலைசர் செயலியில் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 மிக நன்று. வீடியோ அழைப்புக்கு மைனஸ் 67-க்குள் இருப்பது நல்லது. மைனஸ் 75 தாண்டினால் அறுபடத் தொடங்கும். வீடு முழுக்க நடந்து அறைக்கு ஒரு எண்ணாக நோட்டில் எழுதுங்கள். கண்ணாடி பதித்த அலமாரி, இரும்பு பீரோ, பிரிட்ஜ் இவற்றின் பின்னால் எண் எப்படிச் சரிகிறது என்று அப்போது தெரியும். நெட்காரர் தன் கேபிள் எட்டும் மூலையில், வாசலை ஒட்டி ரூட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். லேன் கேபிளைக் கொஞ்சம் நீளமாக வாங்கி ரூட்டரை வீட்டின் நடுவுக்கு, தலை உயரத்துக்குக் கொண்டுவருவதுதான் மலிவான மருந்து.

அதற்கும் அடங்காவிட்டால் இரண்டாவது பெட்டி வேண்டும். வைஃபையை வாங்கி வைஃபையாகவே திருப்பி விடும் ரிப்பீட்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரே வாயால் கேட்டுப் பேசுவதால் வேகம் பாதியாகிவிடும். கேட் 6 வகை லேன் கேபிள் ஒன்றை அறைக்கு இழுத்து, அதன் முனையில் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக வீசும் பெட்டி) வைப்பதே நிரந்தரத் தீர்வு. சுவரைக் குடைய வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் மெஷ் ஜோடி (ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் இரண்டு பெட்டிகள்) வாங்கலாம், ஆனால் இரண்டாவது பெட்டியைச் சிக்னல் செத்த அறைக்குள் வைக்காமல், பாதி வழியில், சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கும் இடத்தில் வையுங்கள்.

இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் வைத்தோம். அன்றிலிருந்து கீசர் பிளக் இணைய மறுக்கிறது.

ஸ்மார்ட் பிளக், பல்பு வகைகளில் மிகப் பெரும்பாலானவை 2.4 மட்டுமே அறிந்தவை. உங்கள் போன் 5-இல் இருக்க, பிளக் 2.4-இல் தேட, அறிமுகம் நடக்காமல் போகிறது. பெயர்களைப் பிரித்துப் பிளக்கைச் சேருங்கள். ஒரே பெயர் வைத்தால் ரூட்டரே பார்த்துப் பார்த்துப் பட்டை மாற்றும் என்பது விளம்பரம். எங்கள் வீட்டில் இரண்டு பெயர்கள்தான்.

மழைக்காலத்தில் மட்டும் ரூட்டர் தானாக அணைந்து எரிகிறது.

ரூட்டரைக் குற்றம் சொல்லும் முன் அதன் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் சில வருடத்தில் சூட்டால் வறண்டுவிடும். பிறகு சாதாரண நேரத்தில் ஓட்டிவிடும். வீடு முழுக்க ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கும்போது ரூட்டர் அதிக மின்சாரம் கேட்கும், அடாப்டர் கைவிரிக்கும், விளக்குகள் ஒருமுறை அணைந்து வரும். மழை நாளில் எல்லோரும் வீட்டிலேயே இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், முள்ளின் அளவும் முனையும் ஒத்த அடாப்டராக மாற்றுங்கள். வோல்ட் மாறினால் ரூட்டர் போய்விடும்.

மின்சாரம் கண் சிமிட்டுகிற பகுதியில் இருப்பவர்களுக்கு ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யூபிஎஸ் நல்ல முதலீடு. ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் வேண்டும். ஒன்றை மட்டும் காப்பாற்றி என்ன பயன்?

பக்கத்து வீட்டார் நம் வைஃபையைத் திருடுகிறார்களோ?

ரூட்டர் பக்கத்தில் இணைந்த கருவிகளின் பட்டியல் இருக்கும். எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை அந்த 'அந்நியர்' உங்கள் வீட்டு டிவிதான். சந்தேகம் தீராவிட்டால் பாஸ்வேர்டை மாற்றி, பொத்தானை அழுத்திச் சேரும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள்.

ஊசியால் குத்தி ரீசெட் செய்துவிடலாமா?

கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் துளைக்குள் ஊசி போனால் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டுமல்ல, நெட்காரர் உள்ளே எழுதி வைத்த இணைப்புப் பயனர் பெயரும் அழிந்துவிடும். பல இடங்களில் அது இல்லாமல் நெட் வராது. சனிக்கிழமை இரவு குத்திவிட்டுத் திங்கட்கிழமை வரை காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ரீசெட் செய்தே ஆக வேண்டும் என்றால் எல்லா அமைப்புப் பக்கங்களையும் முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காப்புப் பிரதி எடுக்கும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். நெட்காரரின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்த பிறகே ஊசியைத் தேடுங்கள்.

எப்போது புது ரூட்டர் வாங்கலாம்?

அடாப்டரை மாற்றிப் பார்த்து, சேனலைக் கைப்பட வைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, ரூட்டருக்கு ஐந்தடி தூரத்தில் நின்றும் ஒரு பட்டை மட்டும் அறுந்துகொண்டே இருந்தால் அந்தப் பட்டையின் ரேடியோ சாகிறது. அப்போது வாங்குங்கள். ஆறேழு வருடமாகச் சூட்டில் வெந்த பெட்டிக்கு அது நியாயமான முடிவு.

வாங்கிவிட்டோம். பழையதை உள் அறையில் மாட்டினோம். இப்போது இரண்டும் சேர்ந்து படுத்துகின்றன.

இரண்டும் கருவிகளுக்கு முகவரி வழங்குகின்றன, அதனால்தான். வீட்டில் ஒருவர்தான் பந்தி பரிமாற வேண்டும். பழைய ரூட்டரின் அமைப்பில் முகவரி வழங்கும் வசதியான டிஹெச்சிபி (DHCP) என்பதை அணையுங்கள். அதன் சொந்த முகவரியைப் புதியதோடு மோதாதபடி, ஆனால் புதியது கருவிகளுக்கு வழங்கும் வரிசைக்கு வெளியே இருக்குமாறு மாற்றுங்கள்; உதாரணமாகப் புதியது 192.168.1.1 என்றால், வழங்கும் வரிசையை 100-இலிருந்து தொடங்கவிட்டுப் பழையதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். புதியதிலிருந்து வரும் கேபிளைப் பழையதன் லேன் துளையில் செருகுங்கள், வான் (WAN) என்று எழுதிய துளையில் அல்ல. புதியது 36-இல் இருந்தால் பழையதை 149-இல் வையுங்கள், 2.4-இல் ஒன்று 1 என்றால் மற்றது 11.